எழுபது வயதில் ஒரு வாய்மொழித் தேர்வு

அமெரிக்காவின் முதல் அதிபர் யார் என்று கேட்டால், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லிவிடுவார்கள். உச்ச நீதிமன்றத்தில் எத்தனை நீதிபதிகள், கொடியில் ஏன் 13 கோடுகள் என்பதற்கும் பதில் தயார். ஆனால், ‘கடந்த ஐந்து வருடங்களில் எத்தனை முறை இந்த நாட்டை விட்டு வெளியே போனீர்கள்?’ என்று அதிகாரி நிதானமாகக் கேட்டால், மகனோ மகளோ பக்கத்தில் இல்லாத அந்தச் சிறிய அறையில், டல்லாஸிலும் நியூ ஜெர்சியிலும் வாழும் நம் அம்மாக்களும் அப்பாக்களும் திகைத்துப்போகிறார்கள். அதற்கான பதில் எந்தக் கேள்வித் தொகுப்பிலும் இல்லை. அவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விண்ணப்பத்தில் இருக்கிறது.

அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலுக்கு ஒருவரைத் தயார் செய்வது என்றால், கேள்வி பதிலை மனப்பாடம் செய்யவைப்பது என்றே பல வீடுகளில் நினைக்கிறார்கள். வேலையில் அது ஒரு பங்குதான். வேற்றுக் குரலில் வரும் ஆங்கிலத்துக்குக் காது பழக வேண்டும். தன் விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது தனக்கே தெரிந்திருக்க வேண்டும். புரியாததைப் புரியவில்லை என்று சொல்லத் துணிவு வர வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் நூறு பதில்களை ஒப்பிக்கத் தெரிந்தும் பயனில்லை.

கிரீன் கார்டு கையில் இருக்கும்போது வயதான காலத்தில் எதற்குக் குடியுரிமை என்று உறவினர்கள் கேட்பதுண்டு. காரணம் பெரும்பாலும் ஊர்தான். கிரீன் கார்டு என்பது அமெரிக்காவில் நிரந்தரமாக வசிப்பவருக்கான அட்டை. மதுரையில் எட்டு மாதம், டல்லாஸில் நான்கு மாதம் என்று இருந்தால், விமான நிலையத்திலேயே ‘நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள்?’ என்ற கேள்வி வரும். முன்அனுமதி வாங்காமல் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் அட்டையே கேள்விக்குறியாகிவிடும். குடிமகனுக்கு இந்தக் கணக்கு கிடையாது. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம், பேத்தியின் கல்யாணம், தம்பியின் வைத்தியம் என்று எவ்வளவு காலம் வேண்டுமானாலும் ஊரில் இருந்துவிட்டு வரலாம். ஊரில் நிம்மதியாக இருப்பதற்காகவே அமெரிக்கக் குடிமக்களாகும் பெற்றோர் பலர்.

முதலில் பாஸ்போர்ட்டை எடுத்து வையுங்கள்

விண்ணப்பத்தின் பெயர் என்-400. கிரீன் கார்டு கிடைத்து ஐந்து வருடம் நிறைந்திருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனை மணந்து சேர்ந்து வாழ்பவருக்கு மூன்று வருடம். அந்த நாள் வருவதற்கு 90 நாள் முன்னதாகவே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். 2024 ஏப்ரலில் அமலான கட்டணப்படி இணையம் வழியாக என்றால் 710 டாலர், தாளில் என்றால் 760 டாலர். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை உண்டு.

சிக்கல் வருவது வேறு இடத்தில். அந்த ஐந்து வருடத்தில் பாதி, அதாவது 30 மாதங்களாவது, அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கியிருந்தால், தொடர்ந்து வசிக்கவில்லை என்றே அதிகாரி முதலில் எடுத்துக்கொள்வார். அப்படியில்லை என்று நிரூபிப்பது விண்ணப்பதாரரின் பொறுப்பு. ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டால் தொடர்ச்சி அறுந்தே போகும். வருடா வருடம் ஊருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குமாக அலையும் பெற்றோருக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் இடிக்கும். அதனால் தயாரிப்பு தொடங்க வேண்டியது கேள்வித் தொகுப்பில் அல்ல. பழையதும் புதியதுமாக எல்லா பாஸ்போர்ட்டுகளையும் எடுத்து மேசையில் பரப்புங்கள். முத்திரைகளைப் பார்த்து, போன தேதி, வந்த தேதி, போன காரணம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிள்ளைகளே இதைச் செய்து முடித்துவிடாமல், அம்மாவையும் அப்பாவையும் உட்காரவைத்து அவர்கள் வாயால் சொல்லவையுங்கள். அறைக்குள் பதில் சொல்லப்போவது அவர்கள்தான்.

வயதுக்குச் சலுகை உண்டு, ஆனால்...

‘அம்மாவுக்கு எழுபது ஆகிவிட்டது, ஆங்கிலத் தேர்வு இருக்காது’ என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. பாதிதான் உண்மை. விண்ணப்பிக்கும் நாளில் 50 வயது தாண்டி, கிரீன் கார்டோடு 20 வருடம் வாழ்ந்திருந்தால் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு. 55 வயதும் 15 வருடமும் என்றாலும் விலக்கு. அவர்கள் மொழிபெயர்ப்பாளரோடு போய் நேர்காணலையும் குடிமையியல் தேர்வையும் தமிழிலேயே முடிக்கலாம். 65 வயதும் 20 வருடமும் ஆனவர்களுக்கு இன்னும் எளிது: படிக்க வேண்டியது 20 கேள்விகள் மட்டும். அதிலிருந்து பத்து கேட்பார்கள், ஆறு சரியாக இருந்தால் போதும்.

சட்டம் வயதோடு சேர்த்து, கிரீன் கார்டோடு வாழ்ந்த வருடங்களையும் எண்ணுகிறது. நம் பெற்றோரில் பலர் பணி ஓய்வுக்குப் பிறகு, பிள்ளைகள் குடிமக்களாகி அழைத்த பிறகு போனவர்கள். 64 வயதில் போய் 70 வயதில் விண்ணப்பிக்கும் ஒரு தாய்க்கு இந்த விலக்குகளில் ஒன்றுகூடப் பொருந்தாது. கல்லூரி முடித்த முப்பது வயதுக்காரர் எழுதும் அதே தேர்வை, அதே ஆங்கிலத்தில் அவரும் எதிர்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால் இந்தச் சட்டத்தின் மிகக் கடினமான இடம் இதுதான். தமிழ்நாட்டுக் கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒரு பெண்மணியிடம், 70 வயதில் இன்னொரு மொழியைக் கேட்டு, பேசி, படித்து, எழுதிக் காட்டச் சொல்கிறது.

மறதி நோய், பக்கவாதம் போன்றவற்றால் கற்கவே முடியாதவர்களுக்கு என்-648 என்ற மருத்துவ விலக்குப் படிவம் உண்டு. மருத்துவர் விளக்கமாக நிரப்பித் தர வேண்டும். முதுமை மட்டுமே காரணம் என்றால் ஏற்க மாட்டார்கள். இல்லாத நோயை எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பொய்யான படிவம் குடியுரிமையோடு சேர்த்துக் கிரீன் கார்டையும் பறித்துவிடும்.

இந்த நாற்காலி எளிதில் கிடைத்ததல்ல

தயாராகும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது ஒரு வரலாறு. அமெரிக்காவின் 1790-ஆம் ஆண்டுச் சட்டம் சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை என்றது. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியின் வழக்கில், 1923-இல் உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று தீர்ப்பளித்தது. ஏற்கெனவே குடிமக்களாகியிருந்த இந்தியர் பலரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. அப்படிப் பறிகொடுத்த சான் பிரான்சிஸ்கோ வணிகர் வைஷ்ணோ தாஸ் பகாய் 1928-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கதவு திறந்தது 1946-இல், லூஸ்-செல்லர் சட்டத்தால். அந்தக் கதவு வழியாக உள்ளே போன தலீப் சிங் சௌந்த் 1949-இல் குடிமகனானார். 1956-இல் நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நம்மவர் ஒருவரும் இந்த வரிசையில் உண்டு. சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1953-இல் மனைவி லலிதாவோடு அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். நோபல் பரிசு அதற்கு முப்பது வருடம் கழித்து வந்தது. இன்று ஓர் அலுவலகத்தில் எண் அழைக்கப்படுவதற்காகக் காத்திருக்கும் தமிழ்த் தாய்க்கு அந்த இருக்கை கிடைக்க, இத்தனை பேர் போராடியிருக்கிறார்கள் என்பது தெரிந்தால், தேர்வு ஒரு தண்டனையாகத் தோன்றாது.

128 கேள்விகள்

குடிமையியல் தேர்வு அண்மையில் மாறியிருக்கிறது. 2008-ஆம் ஆண்டுத் தேர்வில் 100 கேள்விகள் கொண்ட தொகுப்பிலிருந்து பத்து கேட்பார்கள், ஆறு சரியென்றால் தேர்ச்சி. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குத் தொகுப்பு 128 கேள்விகள். கேட்கப்படுவது 20, தேர்ச்சிக்கு 12. பன்னிரண்டு சரியான பதில் வந்ததும், அல்லது ஒன்பது தவறாகிவிட்டாலும், அதிகாரி அங்கேயே நிறுத்திவிடுவார். விகிதம் அதேதான் என்றாலும், இரண்டு மடங்கு கேள்வியைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது வயதானவர்களுக்கு நிஜமான சுமை.

இதை எண் வரிசைப்படி உருப்போடவைப்பது வீண். அதிகாரி வரிசைப்படி கேட்க மாட்டார். கதையாகச் சொல்லுங்கள். பதின்மூன்று குடியேற்றங்கள் பிரிட்டனை எதிர்த்தன. அவைதான் கொடியின் 13 கோடுகள். விடுதலைக்குப் பிறகு ஒரு சட்டம் எழுதினார்கள். அதில் மக்களின் உரிமைகளைச் சேர்க்க மறந்ததாகச் சண்டை வந்தது. அப்போது சேர்த்தவை முதல் பத்துத் திருத்தங்கள். இன்றுவரை மொத்தம் 27. அடிமைமுறை, உள்நாட்டுப் போர், லிங்கன், பிறகு மார்ட்டின் லூதர் கிங். காந்தியைப் படித்துத்தான் கிங் அறவழிக்கு வலுச் சேர்த்தார் என்று சொல்லிப் பாருங்கள், அப்பா அந்தப் பதிலை ஒருநாளும் மறக்க மாட்டார். ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தலிலிருந்து நாடாளுமன்றம் வரை அரசியலை அலசும் தலைமுறை அது. செனட்டுக்கும் பிரதிநிதிகள் சபைக்கும் உள்ள வேறுபாடு நம் மாநிலங்களவை, மக்களவை வழியாக அவர்களுக்குச் சுலபமாகப் புரியும்.

ஆளுநர், செனட்டர், சபாநாயகர் போன்ற பெயர்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். பழைய அச்சுத் தாளை நம்பாமல், நேர்காணலுக்கு முந்தைய நாள் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

படித்தலும் எழுதுதலும் பயப்படும் அளவுக்கு இல்லை. மூன்று வாக்கியங்களில் ஒன்றைச் சரியாகப் படித்தால் போதும். மூன்றில் ஒன்றைக் கேட்டுச் சரியாக எழுதினால் போதும். பொருள் மாறாத சிறு எழுத்துப் பிழையை மன்னிப்பார்கள், சொல்லைச் சுருக்கி எழுதினால் ஏற்க மாட்டார்கள். வரக்கூடிய சொற்களின் பட்டியலைக் குடியுரிமைத் துறையே இலவசமாக வெளியிட்டிருக்கிறது. கேள்விகளை ஒலிவடிவிலும் தருகிறது. குவீன்ஸ், லாஸ் ஏஞ்சலீஸ் போன்ற இடங்களின் பொது நூலகங்கள் குடியுரிமை வகுப்புகளையும் நடத்துகின்றன. வீட்டில் மகனின் குரலில் கேட்டுப் பழகிய காது அதிகாரியின் உச்சரிப்பில் தடுமாறும். அதனால் அண்டை வீட்டு அமெரிக்கர் ஒருவரை வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளும் இதற்கு மிகப் பொருத்தம்; அவர்களின் ஆங்கிலம் அசல் அமெரிக்க ஆங்கிலம்.

‘யெஸ், யெஸ்’ என்ற பழக்கம்

ஆபத்து இருப்பது இங்கேதான். அதிகாரி என்றால் தலையாட்டியே பழகியவர்கள் நம் பெரியவர்கள். புரிகிறதோ இல்லையோ, மரியாதைக்கு ‘யெஸ்’ வந்துவிடும். என்-400 விண்ணப்பத்தின் பிற்பகுதி முழுக்க, ‘நீங்கள் எப்போதாவது...’ என்று தொடங்கும் கேள்விகள். எப்போதாவது கைதானீர்களா? யாரையாவது துன்புறுத்தினீர்களா? அமெரிக்கக் குடிமகன் என்று சொல்லிக்கொண்டீர்களா? வாக்களித்தீர்களா? இங்கே மரியாதைக்குச் சொல்லும் ஒரு ‘யெஸ்’ விண்ணப்பத்தையே முடக்கிவிடும். நேர்காணலின் தொடக்கத்திலேயே வலது கையை உயர்த்தி, உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்திருப்பார்கள். அதற்குப் பிறகு சொல்வதெல்லாம் பிரமாண வாக்குமூலம்.

“அம்மா, ‘ஹேவ் யூ எவர்’னு ஆரம்பிச்சா அவசரப்படாத. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சொல்லு.”

“புரியலைன்னா?”

“‘ப்ளீஸ் ரிப்பீட்’னு கேளு.”

“ரெண்டு தடவை கேட்டாக் கோவிச்சுக்க மாட்டாரா தம்பி?”

“மாட்டாரும்மா. புரியாம ‘யெஸ்’ சொல்றதுதான் தப்பு.”

இந்த உரையாடல் ஒவ்வொரு வீட்டிலும் தினமும் நடக்க வேண்டும். கேள்வியில் வரும் கடினச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அதிகாரி திருப்பிக் கேட்பதும் உண்டு. இரண்டு மூன்று எளிய ஆங்கிலச் சொற்களில் விளக்கத் தெரிந்திருந்தால் போதும்.

சில கேள்விகள் நம் வாழ்க்கையைத் தொட்டுவிட்டுப் போகும். கைதானது உலகின் எந்த மூலையில் என்றாலும் சொல்ல வேண்டும். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவராக இருந்து சிறை சென்ற ஒருவர், அறுபது வருடத்துக்கு முந்தைய அந்தக் கைதையும் எழுதத்தான் வேண்டும். அது தலைகுனிவல்ல, விண்ணப்பத்துக்குத் தடையாகவும் இராது; மறைத்தால்தான் தடை. கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்தீர்களா என்ற கேள்வியும் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய பத்து வருடத்துக்குள் உறுப்பினராக இருந்தால் சட்டம் அதைத் தடையாகக் கருதுகிறது. கோவைப் பஞ்சாலைகளில் சங்கம் நடத்தி ஓய்வுபெற்ற தோழர்கள் விண்ணப்பிக்கும் முன் குடிவரவு வழக்கறிஞரைப் பார்ப்பது அவசியம். ஈழத்திலிருந்து போனவர்களுக்கு இது இன்னும் கனமானது. விடுதலைப் புலிகள் அமைப்பு 1997 முதல் அமெரிக்காவின் தடைப் பட்டியலில் இருக்கிறது. ஆயுதக் குழு, பயிற்சி, நிதி பற்றிய கேள்விகளுக்கு வழக்கறிஞர் துணையின்றிப் பதில் எழுதக் கூடாது.

இன்னொரு கண்ணி, வாகன உரிம அலுவலகம். உரிமமோ அடையாள அட்டையோ வாங்கும்போது, வாக்காளராகப் பதிவு செய்யட்டுமா என்று கேட்பார்கள். அங்கும் பழக்க தோஷத்தில் ‘யெஸ்’ சொல்லிக் கையெழுத்திட்டவர்கள், குடிமகன் என்று பொய் சொன்னதாகவே சட்டத்தின் பார்வையில் நிற்க நேரிடும். நாடு கடத்தும் வரை போகக்கூடிய விஷயம் அது. அப்படி நடந்திருந்தால் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள், விண்ணப்பம் பிறகு.

2025 ஆகஸ்டில் வந்த வழிகாட்டுதலின்படி, குற்றம் இல்லை என்பது மட்டும் குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தையைக் காட்டப் போதாது. சமூகத்துக்கும் குடும்பத்துக்கும் ஆற்றிய பங்கையும் அதிகாரிகள் எடைபோடுவார்கள். குடும்பத்தாரைப் பராமரிப்பதும் அதில் சேரும். பேரக்குழந்தைகளைக் காலையில் கிளப்பி, மாலையில் சோறூட்டி வளர்க்கும் பாட்டிகள் அதைத் தயங்காமல் சொல்லலாம். கேட்டால் மட்டும், சுருக்கமாக.

கேட்டதற்கு மட்டும் பதில் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற நிகழ்வு உண்டு. கணித மேதை கர்ட் கோடல் 1947-இல் நியூ ஜெர்சியின் டிரென்டனில் குடியுரிமை விசாரணைக்குப் போனார். சாட்சிகளாக உடன் போனவர்கள் ஐன்ஸ்டைனும் பொருளியலாளர் மார்கன்ஸ்டெர்னும். அரசமைப்புச் சட்டத்தை வரிவரியாகப் படித்திருந்த கோடல், அதில் சர்வாதிகாரத்துக்கு வழிவிடும் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பினார். அவர் விட்டு வந்த ஆஸ்திரியாவில் நடந்தது போல இங்கே நடக்காது என்று நீதிபதி சொன்னதும், நடக்கும், நிரூபிக்கிறேன் என்று தொடங்கிவிட்டார். நீதிபதி ஐன்ஸ்டைனின் குடியுரிமையையும் கையாண்டவர் என்பதால் பேச்சைப் பக்குவமாகத் திருப்பிவிட்டார். எல்லோருக்கும் அப்படி ஒரு நீதிபதி கிடைக்க மாட்டார்.

தவறினாலும் உலகம் முடிந்துவிடவில்லை. தவறிய பகுதியை மட்டும் 60 முதல் 90 நாளுக்குள் மீண்டும் எழுதலாம். பழைய தேர்வில், இரண்டு வாய்ப்பையும் சேர்த்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தேறினார்கள்.

ஆயுதம் ஏந்துவீர்களா?

தேறியதும் குடிமகன் ஆகிவிட முடியாது. உறுதிமொழி எடுத்த பிறகுதான். பிற நாடுகளின் மீதான விசுவாசத்தைத் துறக்கிறேன், அரசமைப்பைக் காப்பேன், சட்டம் கேட்டால் ஆயுதம் ஏந்துவேன் அல்லது ராணுவத்தில் ஆயுதமில்லாப் பணி செய்வேன், சிவில் பணியும் செய்வேன் என்று அது போகிறது. ‘எழுபது வயதில் என்னைத் துப்பாக்கி தூக்கச் சொல்வார்களா?’ என்று அம்மாக்கள் கேட்பார்கள். சொல்ல மாட்டார்கள். ஆனால் நேர்காணலில் இந்தக் கேள்வி வரும், பதிலும் தெளிவாக இருக்க வேண்டும். ஹங்கேரியில் பிறந்த அமைதிப் போராளி ரோசிகா ஷ்விம்மர், ஐம்பதை நெருங்கிய வயதில் ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று நேர்மையாகச் சொன்னதற்காக 1929-இல் உச்ச நீதிமன்றத்திலேயே குடியுரிமை மறுக்கப்பட்டார். 1946-இல் ஜிரார்ட் என்பவரின் வழக்கில் அதே நீதிமன்றம் அந்த நிலையைக் கைவிட்டது. இன்று சமய நம்பிக்கையின்படி கொல்லாமையைக் கடைப்பிடிப்பவர், உதாரணமாக ஒரு தமிழ்ச் சமணர், அந்த வரியை விட்டுவிட்டு உறுதிமொழி எடுக்கக் கோரலாம்.

மேடைக்குப் போகும் முன் கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் அங்கேயே சரிபாருங்கள். குடும்பப் பெயர் வழக்கமில்லாத தமிழர்களுக்கு இது தீராத தொல்லை. அப்பா பெயர் முதலெழுத்தாக, பாஸ்போர்ட்டில் ஒரே பெயராக இருந்தவர்களுக்கு விசாவில் ‘எஃப்.என்.யு.’ என்ற மூன்றெழுத்து முதல் பெயராக ஒட்டிக்கொண்டுவிடும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. இதிலிருந்து விடுபட நல்ல தருணம் குடியுரிமை விண்ணப்பம்தான். பெயர் மாற்றத்தை அதிலேயே கேட்கலாம். ஆனால் அதற்கு நீதிமன்றத்தில் நடக்கும் உறுதிமொழி விழாவே தேவை என்பதால் சற்றுக் காத்திருக்க நேரலாம். காத்திருங்கள், பிறகு திருத்துவது இதைவிடச் சிரமம்.

இனி நான் இந்தியன் இல்லையா என்று அப்பா கேட்டால் மழுப்பாதீர்கள். 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற கணமே இந்தியக் குடியுரிமை நீங்கிவிடும். வேறு நாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை வாழ்நாள் விசாவுக்கு நிகரானது. ஆனால் வாக்குரிமை தராது. புதிதாக விவசாய நிலம் வாங்கவும் முடியாது. பூர்வீக நிலத்தை வாரிசாகப் பெறத் தடையில்லை. இலங்கைக் குடிமக்கள் இரட்டைக் குடியுரிமைக்கு அந்நாட்டு அரசிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இதையெல்லாம் உறுதிமொழிக்கு முந்தைய இரவு சொல்லாதீர்கள். விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே சொல்லி, முடிவை அவர்களிடம் விடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உறுதிமொழி எடுத்த பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். அதை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட் வர வேண்டும். அதன் பிறகு ஓசிஐ அட்டையோ விசாவோ கிடைக்க வேண்டும். வீட்டில் கல்யாணம், காதுகுத்து எதுவாக இருந்தாலும், இவை கைக்கு வரும்வரை பெற்றோருக்கு ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள்.